நோயல் வந்தால் கிளம்பும் கார்

டெஸ்மண்ட் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர். ஊரில் எங்கே இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டாலும் தப்பு யார் மேல் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், பழக்கத்திலிருந்து கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் போதும், மனைவி சுனிதா எந்தப் பக்கமிருந்து வந்தாள், டம்ளர் மேஜை விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது, அப்போது காற்று அடித்ததா என்று விசாரணை தொடங்கிவிடும். இத்தனை விசாரணையிலும் ஒரு முறைகூடத் தப்பு டெஸ்மண்ட் மேல் வந்ததில்லை. இதைத் தற்செயல் என்று சுனிதா நம்பவில்லை.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அவர்களுடையது ஓடு போட்ட பழைய வீடு. காம்பவுண்டில் ஒரு மாமரம், அதன் பக்கத்தில் அந்தக் கார். இங்கிலாந்தில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், தரையை ஒட்டிய உயரம், இரண்டே சீட்டு, கூரைக்குப் பதில் மடித்து வைக்கும் ஒரு கான்வாஸ். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு ஆங்கிலோ இந்தியரிடமிருந்து சுனிதாவின் அப்பா வாங்கியது. அவர் காலமானபோது சுனிதாவின் தம்பி நோயல் ஹாஸ்டலில் இருந்தான். ஹாஸ்டலில் கார் வைக்க இடமில்லை. அதனால் கார் அக்கா வீட்டு மாமரத்தடிக்கு வந்தது. வந்த நாள் முதல் அது தன்னுடையது என்று டெஸ்மண்ட் முடிவு செய்துகொண்டார். கல்யாணத்தில் தனக்குக் கிடைத்த இரண்டு நல்ல விஷயங்களில் ஒன்று என்று நண்பர்களிடம் சொல்வார். இன்னொன்று எது என்பதைக் கேட்பவர்களின் யூகத்துக்கு விட்டுவிடுவார்.

போன ஏப்ரலில் நடந்த ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காரில் இரண்டு கார்புரேட்டர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன மூடி. மூடியைத் திருகினால் உள்ளே ஒரு குழாய், அதில் கொஞ்சம் எண்ணெய் நிற்க வேண்டும். அந்த எண்ணெயில் ஒரு பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்கினால்தான், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்கு வேண்டிய காற்று போகும். ஏப்ரலில் அந்த எண்ணெய் குறைந்துபோயிருந்தது. லேசான எண்ணெயாக இருக்க வேண்டும், தையல் மெஷினுக்கு விடுவது போதும் என்று பழைய கார் பிரியர்களின் வாட்ஸாப் குழுவில் சொன்னார்கள். தையல் மெஷின் எண்ணெயின் கடைசிச் சொட்டைச் சுனிதா கேட்டின் கீலுக்கு விட்டிருந்தாள். அதற்கொரு விசாரணை நடத்தி முடித்துவிட்டு டெஸ்மண்ட் குளியலறைக்குப் போனார். அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. ஏப்ரல் வெக்கையில் அது தண்ணீராக ஓடியது. இரண்டு குழாயிலும் ஊற்றினார், மூடினார், கையில் மிச்சமிருந்ததைத் தலையில் தேய்த்துக்கொண்டார்.

மே மாதம் முழுவதும் கார் பாடிக்கொண்டே ஓடியது. தன் கைவண்ணத்தைப் பற்றி டெஸ்மண்ட் தெருவெல்லாம் சொன்னார். ஊற்றிய எண்ணெயை மறந்துபோனார், கைவண்ணம் மட்டும் நினைவில் தங்கியது. பெங்களூரில் பன்னிரண்டு மாதமும் ஏப்ரலாகவே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

ஜூலையில் மழை வந்தது, காற்று குளிர்ந்தது, தொல்லையும் தொடங்கியது. காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் மனசில்லாமல் உயிர் பெறும். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததும் இருமும், பின்னால் கரும்புகை தள்ளும், இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோகும். திரும்பத் திரும்ப முயன்றால் பிளக்கெல்லாம் பெட்ரோலில் நனைந்து, இருமல்கூட வராது. வெயில் ஏறிய பிறகு போய்த் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

டெஸ்மண்ட் விசாரணையைத் தொடங்கினார். முதல் குற்றவாளி மழை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஈரம் இறங்குகிறது என்று தீர்ப்புச் சொல்லி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டினார். மழை நின்ற வாரத்திலும் கார் இருமியது. அடுத்த குற்றவாளி பெட்ரோலில் கலக்கும் எத்தனால். அதைப் பற்றி வாட்ஸாப் குழுவில் மூன்று பத்தி எழுதி, தூரத்துப் பங்க் ஒன்றுக்குப் போய் வேறு பெட்ரோல் கொண்டுவந்தார். அதிலும் இருமியது. பிறகு எலி. ஒயரை எலி கடித்திருக்க வேண்டும் என்றார். ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு கோவிந்தப்பாவை மதில் மேலாகக் கூப்பிட்டு, உங்கள் பூனை இரவில் எங்கே இருக்கிறது, கடமையைச் செய்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். கோவிந்தப்பா அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடமை பற்றிய கேள்விகள் அவருக்குப் பிடிக்காது. பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மிச்சமிருந்தது நாகேஷ். ஜீவனஹள்ளியில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுபவன். கடையைப் பதினோரு மணிக்குமேல்தான் திறப்பான். டீ குடித்துவிட்டு, அதன்பிறகு ஒரு போன் பேசிவிட்டு, காக்ஸ் டவுனுக்கு வந்து சேரும்போது மாமரத்தின் நிழல் விலகி, காரின் பானெட் மேல் தோசை சுடலாம். சாவியைத் திருப்புவான், முதல் சுற்றிலேயே கிளம்பும். "ஏனூ இல்ல அங்கிள், ஒண்ணும் இல்ல, சூப்பரா கீது" என்பான். அவனும் சும்மா இருந்தவனில்லை. பாயின்ட் மாற்றினான், கண்டென்சர் மாற்றினான், பிளக், பிளக் ஒயர், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். ஒவ்வொரு முறையும் மத்தியானம் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, தான் மாற்றியதால்தான் சரியாயிற்று என்று நிம்மதியாகப் போனான். காலையில் வந்து பார் என்று டெஸ்மண்ட் கெஞ்சினார். அந்த நேரத்துக்கு மாமனார் கூப்பிட்டாலே போகமாட்டேன் என்றான் நாகேஷ்.

வேறு வழியில்லாமல் டெஸ்மண்ட் கடைக்கே போய், கார் காலையில் என்ன சத்தம் போடுகிறது என்று வாயாலேயே செய்து காட்டினார். முதலில் செல்ஃப் சத்தம், பிறகு இருமல், பிறகு அந்தக் குலுக்கல், கடைசியாக எஞ்சின் உயிரை விடும்போது வரும் பெருமூச்சு. குலுக்கல் வரும் இடத்தில் உடம்பையும் சேர்த்துக் குலுக்கினார். ஸ்கூட்டர் சர்வீசுக்கு வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நாகேஷ் அதை போனில் பதிவு செய்துகொண்டான், வீட்டில் நிதானமாகக் கேட்டுப் பார்க்கத்தான் என்றான். அடுத்த வாரம் டெஸ்மண்ட் அவனை போனில் கூப்பிட்டபோது கடைக்கு வெளியேதான் நின்றிருந்தார். உள்ளே அவன் போனின் ரிங்டோனாக அவர் இருமல் அவருக்கே கேட்டது.

இவையெல்லாம் தாங்கக்கூடியவை. தாங்க முடியாதது நோயல்தான். நோயல் இப்போது ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த வீடு, கூரை போட்ட கேரேஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். வந்ததும் கூலிங் கிளாஸைத் தலைக்கு ஏற்றி, பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, இடது காலை முதலில் வைத்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். கார் கிளம்பும். மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவான். "அப்பாவோட கை அப்படியே இவனுக்கு" என்று சுனிதா சொல்வாள். தம்பியின் கைராசியைப் பற்றி அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் டெஸ்மண்டுக்கு எரிந்தது. அன்று காலையில்தான் அவர் அந்தக் காரிடம் மன்றாடித் தோற்றிருப்பார். ஏழு மணித் தமிழ் ஆராதனைக்கு ஆட்டோவில் போய்வந்திருப்பார்கள். கார் தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறது என்று அவர் உண்மையாகவே நினைத்தார், வருத்தப்பட்டார்.

அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், கூலிங் கிளாஸைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். இடது காலை முதலில் வைத்தார். நோயல் குளியலறையில் விட்டுப்போன சென்ட்டைக்கூட அடித்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினார். கார் இருமி, புகை விட்டு, நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் கோவிந்தப்பா பூனையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் நமஸ்காரம் சொல்லிக்கொண்டார்கள்.

நவம்பர் பிறந்தது. காலையில் குளிக்குமுன் டெஸ்மண்ட் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சுடுதண்ணீர் மக்கில் நிறுத்தி, அது உருகும்வரை காத்திருந்து, தலைக்குத் தேய்த்துக்கொண்டு, துண்டோடு வெளியே வந்து, இந்தக் கார் குளிரில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று மாமரத்தடியில் நின்று யோசித்தார். தினமும் யோசித்தார். அவர் தலையிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருக்கும். அதற்குமேல் அவருக்கு யார் என்ன துப்புக் கொடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு நோயல் விஷயத்தைத் திறந்தான். ஓடாத கார் அலமாரிக்குச் சமம், தன் கேரேஜில் இருந்தால் நன்றாக ஓடும், அதுதான் அப்பாவுக்கு மரியாதை என்றான். டெஸ்மண்ட் எழுந்து நின்று, என் பிணத்தைத் தாண்டித்தான் கார் போகும் என்றார். உங்களுக்குக் கிளம்பினால்தானே மச்சான் பிணத்தைத் தாண்டும் என்றான் நோயல். பேச்சு தடித்தது. சுனிதா தட்டுகளை எடுத்துக்கொண்டே ஒரு முடிவைச் சொன்னாள். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஆராதனையில் அவள் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று தனியாகப் பாட வேண்டும். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அதற்கு அவள் ஆட்டோவில் போய் இறங்கப் போவதில்லை.

"அன்னிக்கி அந்தக் கார்ல என்னை யாரு கரெக்ட் டைமுக்குச் சர்ச்சுல கொண்டுபோய்ச் சேக்கறாங்களோ, கார் அவங்களுக்கு. அதுக்கப்புறம் இதப் பத்தி ஒரு பேச்சு கேக்கக்கூடாது."

நோயல் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். அவனுக்கு இதுவரை அந்தக் கார் கிளம்பாமல் இருந்ததில்லை. டெஸ்மண்டும் ஒத்துக்கொண்டார், ஏனென்றால் மாட்டேன் என்றால் பயம் என்று அர்த்தமாகிவிடும். பயம்தான். மாமரத்தடி காலியாகிவிட்டால் காலையில் எழுந்து எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. நோயல் முந்தின நாளே பையோடு வந்து தங்கிவிட்டான். விடிந்தபோது நல்ல குளிர், வாயைத் திறந்தால் ஆவி வந்தது. சுனிதா பாடகர் குழுவின் வெள்ளைப் புடவையில், கையில் பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றாள். மூத்தவர் என்ற மரியாதைக்கு முதல் வாய்ப்பு டெஸ்மண்டுக்கு. அவர் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இருமல், கரும்புகை, குலுக்கல், பெருமூச்சு. எதுவும் குறையவில்லை.

நோயல் மச்சானின் தோளைத் தட்டி இறங்கச் சொன்னான். கூலிங் கிளாஸ், இரண்டு தட்டு, இடது கால். திருப்பினான். கார் இருமியது. மறுபடி திருப்பினான். புகை அவன் தலைக்குமேல் எழுந்து மாமரத்துக்குள் போனது. மூன்றாவது தடவை இருமல்கூட வரவில்லை. கூலிங் கிளாஸை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான்.

டெஸ்மண்டுக்கு ஒரு கணம் என்ன நடக்கிறதென்று புரியவில்லை. புரிந்ததும் அவர் குதித்தார். அறுபது தாண்டிய மனிதர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு குதித்தார். பால் பாக்கெட் எடுக்க வந்த கோவிந்தப்பாவை மதில் மேலாக எட்டிக் கட்டிப்பிடித்து, இவனுக்கும் கிளம்பவில்லை, இவனுக்கும் கிளம்பவில்லை என்றார். தனக்கும்தான் கிளம்பவில்லை, சர்ச்சுக்கும் போக முடியாது என்பதெல்லாம் அவர் மூளைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"சுனி, பாத்தியா, கைராசி ஒண்ணும் இல்ல."

சுனிதா பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் குதிப்பது நின்றது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகச் சமையலறையில் பாடிப் பாடிப் பழகியவள்.

ஆண்கள் இருவரும் அவசரமாக பானெட்டைத் திறந்தார்கள். கார்புரேட்டரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நோயல் தலைமூடியைத் திருகி இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்ததும் மூடியோடு சேர்ந்திருந்த கம்பி வெளியே வந்தது. கம்பி முழுக்க வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள் என்றான் நோயல். இதுதான் எத்தனால், குளிரில் உறைந்துவிட்டது, நான் ஜூலையிலேயே சொன்னேன் என்றார் டெஸ்மண்ட். எத்தனால் உறையாது மச்சான் என்றான் நோயல். பெங்களூர் குளிரைப் பற்றி ஒயிட்ஃபீல்டுக்காரனுக்கு என்ன தெரியும் என்றார் டெஸ்மண்ட். இரண்டாவது கார்புரேட்டரிலும் அதே வெள்ளை. அதையும் வைத்து வாதம் தொடர்ந்தது.

சுனிதா வந்து நோயல் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். வெள்ளையை விரலில் எடுத்து முகர்ந்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள், உருகியது.

"இது நான் தலைக்கு வெக்கற எண்ண."

டெஸ்மண்டுக்கு ஏப்ரல் மாதம் முழுசாக நினைவு வந்தது. குளியலறை அலமாரி, பாட்டில், கையைத் தலையில் துடைத்துக்கொண்டது, எல்லாம். பூனையைச் சந்தேகித்தது, நாகேஷ் கடையில் இருமிக் காட்டியது, எத்தனாலைப் பற்றி எழுதிய மூன்று பத்தி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டதைச் சுனிதா கவனித்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. உள்ளே ஓடிக் கெட்டிலில் வெந்நீரும் இரண்டு டவலும் கொண்டுவந்தாள். நனைத்துப் பிழிந்து ஆளுக்கொன்று கொடுத்து, ஆளுக்கொரு கார்புரேட்டரை ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். டவல் ஆறியதும் மறுபடி நனைத்தாள். வெள்ளை உருகிக் கண்ணாடிபோல் ஆயிற்று, காலைக் காற்றில் தலை வாரும் நேரத்து வாசனை எழுந்தது. பிறகு நோயல் மூடிகளைத் திருகிவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினான், டெஸ்மண்ட் டார்ச் பிடித்தார். இருவரும் குனிந்திருந்த நேரத்தில் சுனிதா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கார் ஓட்டப் பழகியதே இந்தக் காரில்தான், காலேஜ் படிக்கும்போது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஓட்டுகிறாயா என்று கணவனும் கேட்டதில்லை, தம்பியும் கேட்டதில்லை.

சாவியைத் திருப்பினாள். இரண்டு தும்மல். ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தாள். எஞ்சின் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகு தடையில்லாமல் மேலே ஏறியது.

மச்சானும் மச்சினனும் பானெட்டை மூடிவிட்டு ஒரே நேரத்தில் டிரைவர் பக்கக் கதவுக்கு ஓடினார்கள். சாவியைத் திருப்பியது யார் என்று அங்கே போனபிறகுதான் யோசித்தார்கள்.

"நானே என்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சுனிதா.

மிச்சம் ஒரு சீட்டு. நோயல் சுதாரித்துக்கொண்டு இடது பக்கம் போய்க் கதவில் கை வைத்தான். சுனிதா அவனைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி கேட்டாள், அந்த எண்ணெயை ஊற்றியது யார் என்று. நான் இல்லை அக்கா என்றான் நோயல் உடனே.

டெஸ்மண்டிடம் பதில் தயாராக இருந்தது. நாகேஷ் என்று ஒரு வார்த்தை போதும். அவன் இங்கே இல்லை, பதினோரு மணிக்கு முன்னால் மறுக்கவும் மாட்டான். முப்பது வருட அனுபவம் அந்த வாக்கியத்தை முழுசாகக் கட்டி அவர் நாக்கில் வைத்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது, நேரமாகிறதே என்ற தவிப்பு கண்ணில் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தான் சுனி. ஏப்ரல்ல. மெஷின் எண்ண இல்லன்னு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுனிதா கையை நீட்டி இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்தாள்.

"ஏறுங்க."

நோயல் ஈரத் துண்டோடு மாமரத்தடியில் நின்றான். கோவிந்தப்பா கேட்டைத் திறந்துவிட்டார். கார் ஒரு குலுக்கலோடு தெருவில் இறங்கியது. இரண்டாவது கியர் விழும்போது பல்சக்கரம் கத்தியது. டெஸ்மண்டின் வாய் திறந்தது, திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. பால்காரர்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சுனிதா தன் பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். அந்த இடது சீட்டில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அவள் முகம் நன்றாகத் தெரிகிறது என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

சர்ச் வாசலில் பாடகர் குழு வரிசை கட்டி நின்றிருந்தது. சுனிதா காரை ஒரு மாதிரி குறுக்காக நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். டெஸ்மண்டுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை, காரிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சுனிதாவின் குரல் தனியாக எழுந்தது. சமையலறையில் கேட்ட அதே பாட்டுத்தான், ஆனால் இவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருந்தது அவருக்குத் தெரியாது. கன்னத்தைத் துடைத்தபோது கையெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. நோயல் இறங்கினான், ஈரத் துண்டு இன்னும் தோளில் கிடந்தது. மூச்சு வாங்க ஓடிவந்து, அப்போ கார் யாருக்கு மச்சான் என்று கேட்டான்.

"உங்க அக்காளோடது" என்றார் டெஸ்மண்ட். "சத்தம் போடாத, பாடறா."